ஒலிக்காத எச்

எங்கள் அகராதி அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே சக்கரங்களைக் கழற்றி மாட்டினார்கள். மேலே நாங்கள் சொற்களைக் கழற்றி மாட்டினோம். கீழே தப்பாக மாட்டினால் வண்டி தெருமுனை தாண்டாது. மேலே தப்பாக மாட்டினால் நூறு வருஷம் ஜோராக ஓடும். அதனால்தானோ என்னவோ, அவர்கள் எங்களைவிடக் கவனமாக வேலை செய்தார்கள்.

ஆங்கிலச் சொல், அதற்குத் தமிழில் பொருள், அதன் கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் எந்த வேரிலிருந்து கிளம்பி வந்தது என்று இரண்டு மூன்று வரி. இதுதான் எங்கள் அகராதியின் அமைப்பு. அந்தப் பொடி எழுத்து வரிகளை எழுதுவதற்கென்று ஒருவர் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். தபால் வழியாக லத்தீன் படித்தவர். அலுவலகத்தில் அவருக்கு வேர்க்காரி என்று பெயர். நான் அவரை அக்கா என்பேன். நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவன். என்னை எல்லோரும் புரூப் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், அது சம்பளப் பட்டியலோடு சரி.

வேர்க்காரியின் குறிப்புகளை நான் வேலைக்காக மட்டும் படிக்கவில்லை. தேர்தலில் நிற்கும் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற சொல், வெள்ளை உடுத்தியவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவன் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நிற்பது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தசையைக் குறிக்கும் 'மசில்' என்றால் லத்தீனில் சுண்டெலி. கையை மடக்கினால் தோலுக்கு உள்ளே ஓர் எலி ஓடுகிற மாதிரி இருந்ததாம். அதைப் படித்ததிலிருந்து கீழே டயர் கடைக்காரர்கள் ஸ்பானர் பிடிக்கும்போதெல்லாம் நான் எலியைத்தான் பார்த்தேன்.

இதையெல்லாம் மேற்பார்வை பார்த்தவர் தலைமைப் பதிப்பாசிரியர். அவர் முன்னால் ஐயா என்போம், முதுகுக்குப் பின்னால் மகாகனம் என்போம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பார். வாக்கியம் முடிந்த பிறகும் பாதி மூச்சு மிச்சமிருக்கும்.

அகராதியைத் தொடங்கியவர் வேறொருவர். நாங்கள் நிறுவனர் என்போம். முப்பது வருஷம் அட்டை அட்டையாகச் சொற்களை எழுதி, செருப்புக் கடைப் பெட்டிகளில் அடுக்கிவைத்துவிட்டு, ஒரு பெட்டியைக்கூட அச்சில் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். இப்போது புத்தகம் வெளிவரப் போகிறது. அவர் நினைவாக மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கறுப்புக் கல் பதிக்க மகாகனம் ஏற்பாடு செய்தார். கல்லுக்கு ஏற்ற சொல்லையும் அவரே தேர்ந்தெடுத்தார். ஒருவர் இறந்த பிறகு வெளியாகும் படைப்பை ஆங்கிலத்தில் 'பாஸ்துமஸ்' என்பார்கள். அதை எழுதும்போது நடுவில் ஓர் எச் வரும், உச்சரிக்கும்போது வராது. மகாகனம் அதை விட்டுவைக்கவில்லை. "போஸ்ட் ஹ்யூமஸ்" என்று எச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து சொல்வார். எதிரே இருக்கும் காகிதம் பறக்கும்.

கல்லில் இப்படி வெட்டியிருந்தது: 'போஸ்ட் என்றால் பின். ஹூமஸ் என்றால் மண். மண்ணுக்குப் பின்னும் வாழ்கிறார் எங்கள் நிறுவனர்.'

கல் வந்து, துணி போர்த்தி, சுவரில் ஏற்றியாகிவிட்டது. அதற்கு மறுவாரம் வேர்க்காரி அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் எழுதிய குறிப்பு இது: 'லத்தீனில் போஸ்டுமஸ். பின் என்பதன் கடைக்கோடி வடிவம். எல்லாருக்கும் பின்னால் வந்தது, கடைசிக் குழந்தை. கடைசிக் குழந்தை சில வீடுகளில் தகப்பன் போன பிறகு பிறந்ததால் பொருள் அந்தப் பக்கம் சாய்ந்தது. சொல்லில் மண் இருப்பதாகப் பின்வந்தவர்கள் நினைத்து எச் எழுத்தைச் செருகினார்கள். மண் இல்லை. எச் பிழையாக வந்தது; ஒலிப்பதில்லை.'

மகாகனம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தின் மெய்ப்பு அவர் மேசையில் கிடந்தது. அதன்மேல் கண்ணாடி, கண்ணாடியின்மேல் அவர் கை.

"என்னம்மா இது, மண் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லைங்கய்யா. அதான் எழுதினேன்."

"கல்லுல வெட்டியாச்சும்மா."

"கல்லு நல்ல கல்லுதாங்கய்யா."

மகாகனம் மூச்சு இழுத்தார். "உலகம் பூரா எச் போட்டுத்தான் எழுதுறான். உலகமே முட்டாள், நீங்க ஒருத்தர் புத்திசாலி, அப்படியா?"

"நானும் எச் போட்டுத்தாங்கய்யா எழுதியிருக்கேன். அது எப்படி உள்ள வந்துச்சுன்னு கீழே சொல்றேன், அவ்வளவுதான்."

"வேருன்னு ஒண்ணு இருந்தா அது மண்ணுலதானேம்மா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இருபது வருஷப் பழக்கம். அவர் சிரித்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேர்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

மகாகனம் சிவப்பு மையை எடுத்து அந்தக் குறிப்பைக் குறுக்கே அடித்தார். ஓரத்தில் 'பின் + மண்' என்று எழுதினார்.

"சொற்பிறப்புப் பக்கத்துக்கெல்லாம் நீங்கதான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டுக் குடுங்க. பிரஸ்காரன் காத்துக்கிட்டிருக்கான். கையெழுத்து இல்லைன்னா, முதல் பக்கத்துல உங்க பேரு எதுக்குன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

முதல் பக்கத்தில் மகாகனத்தின் பெயர் டயர் அளவுக்கு இருந்தது. அடியில், போல்ட் அளவில், சொற்பிறப்பு என்று போட்டு வேர்க்காரியின் பெயர். பத்தொன்பது வருஷ வேலைக்கு அந்த ஒரு வரி.

கைகழுவும் இடத்தில் அவர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு எழுத்து, அக்கா. அதுவும் சத்தம் வராத எழுத்து. போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன். பொடி எழுத்தை எவன் படிக்கப் போறான்."

"நீங்க படிக்கிறீங்களே."

"எனக்குச் சம்பளம் தர்றாங்க."

அவர் சிரிக்கவில்லை. துவாலையால் முகத்தைத் துடைத்து, பென்சிலை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். "எங்க அத்தை போன் பண்ணா என்னன்னு கேப்பாங்க, புரூப்பு?"

எனக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பாவின் அக்கா, எண்பத்தேழு வயது, அவரோடுதான் இருந்தார். வாரத்தில் நாலு நாள் போன் வரும். எடுத்தவுடனே "முழுங்கி இருக்காளா?" என்று கேட்கும் அந்தக் குரல். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சொற்களின் வேர் தேடுகிறவர்கள் ஆயிற்றே, அந்தப் பெயருக்கும் ஆளாளுக்கு ஒரு வேர் கண்டுபிடித்து வைத்திருந்தோம். சின்ன வயதில் காசை விழுங்கியிருப்பார் என்பது என் கட்சி. வீட்டில் சாப்பாட்டை விட்டுவைக்க மாட்டார் என்பது அச்சுக்கோப்பவர் கட்சி. அவர் உடம்பைப் பார்த்தால் அந்தக் கட்சி நிற்காது.

"முழுங்கின்னு கேப்பாங்க."

"முழுசாச் சொன்னா, அப்பனை முழுங்கி. எங்கப்பா செத்து ஏழாவது வாரம் நான் பொறந்தேன். அஞ்சு பேர்ல கடைசி. கையில வாங்கின உடனே அத்தை சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிச் சொல்லி முன்பாதி தேஞ்சுபோச்சு. இப்ப அத்தைக்கே அது திட்டுன்னு ஞாபகமிருக்கான்னு தெரியலை."

குழாயை இறுக்கி மூடினார். அது சொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா மட்டும் கடைக்குட்டின்னு கூப்பிடுவாங்க. அவங்க போய் பதினாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேர்ல கூப்பிட ஆள் இல்லை. லத்தீன்காரன் அந்தச் சொல்லை உண்டாக்கினப்ப அவனும் கடைக்குட்டின்னுதான் சொல்லியிருக்கான் புரூப்பு. சாவு அதுல இல்லை. மண்ணு அதுல இல்லை. எவனோ பின்னாடி வந்து மண்ணள்ளிப் போட்டிருக்கான். அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

காசு விழுங்கிய கட்சியை அன்றோடு கலைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. அத்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் வராததால் வீட்டிலேயே இருப்பதாகத் தகவல் வந்தது. மகாகனம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். சிவப்பு மை அடித்த பக்கத்தையும், அதோடு அச்சுக்குப் போக வேண்டிய முதல் பக்கத்தையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். முதல் பக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மிரட்டுவதற்கு என்று தெரிந்தது.

இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் அத்தை. ஆள் சுருங்கிப் போர்வைக்குள் பாதி காணாமல் போயிருந்தார், குரல் மட்டும் குறையவில்லை. வேர்க்காரி பாலில் நனைத்த ரொட்டியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"யாருடி அது?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க, அத்தை."

"உக்காரச் சொல்லு. அந்த நாற்காலி ஆடும், பாத்து உக்காருங்க தம்பி. இவகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஒரு ஆணி அடிக்க மாட்டேங்கிறா. ஊர்ல இருக்கிற வார்த்தையெல்லாம் ரிப்பேர் பண்றா, வீட்ல ஒரு நாற்காலியை ரிப்பேர் பண்ண முடியலை."

உட்கார்ந்தேன். ஆடியது. உறையைக் கொடுத்தேன். வேர்க்காரி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு இரண்டு பக்கங்களையும் எடுத்துப் பார்த்தார். எது எதற்கு வந்திருக்கிறது என்று அவருக்கும் புரிந்தது.

"என்ன காயிதம் அது?" என்றார் அத்தை. "வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை, அத்தை. ஒரு எழுத்துல தகராறு."

"எழுத்துலயா? எழுத்து என்ன பண்ணுச்சு?"

வேர்க்காரி கொஞ்சம் யோசித்தார். பிறகு சத்தமாக, காது மந்தமானவர்களுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு சொல் இருக்கிறது. முதலில் அதற்குக் கடைசிக் குழந்தை என்றுதான் அர்த்தம். அந்த மாதிரிச் சில குழந்தைகள் அப்பா போன பிறகு பிறந்தன. அதனால் யாரோ நடுவில் ஓர் எழுத்தைச் செருகி, அதைச் சாவுச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். எழுத்து இன்னும் இருக்கிறது, சத்தம் வராது.

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

"செருகினவனுக்கு விவரம் தெரியாதா?"

"தெரியலை போலிருக்கு, அத்தை. தப்பா நெனச்சுட்டாங்க."

"அது தப்பா நெனைக்கிறது இல்லைடி." அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு காரணம் வேணும்னு இருந்திருக்கும். கையில கெடைச்சதைச் செருகியிருப்பான்."

வேர்க்காரி கரண்டியை எடுத்தார். அத்தை வாயைத் திறக்கவில்லை.

"உங்கப்பனுக்கு அன்னிக்குக் காச்சல்" என்றார் சுவரைப் பார்த்து. "மூணு நாளா. கெடங்குல மூட்டை அடுக்குற வேலை. எந்திரிக்க முடியலைக்கான்னான். நான்தான் போர்வையை இழுத்தேன். சோம்பேறி, பொண்டாட்டி வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கா, நீ படுத்துக் கெடக்கியான்னு கேட்டேன். எந்திரிச்சுப் போனான். ஏணியில ஏறினப்ப தலை சுத்தியிருக்கு."

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். அப்படியே இருந்தேன்.

"தூக்கிட்டு வந்தாங்க. வீட்ல யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. உங்கம்மாகூடச் சொல்லலை. ஏழு வாரம் எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்பத்தான் நீ பொறந்த. நான் என்னடி பண்ணுவேன். யார் மேலயாவது போடணும்ல. நீதான் பேசமாட்ட."

வேர்க்காரியின் கரண்டியிலிருந்து பால் சொட்டிப் போர்வையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், துடைக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா அத்தை, நீங்க எழுப்பி அனுப்புனது?"

"பக்கத்துலதானே படுத்திருந்தா."

அழுகை, கட்டிப் பிடித்தல், மன்னிப்பு என்று ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்து நான் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டி ஊறிக் கூழாகியிருந்தது. வேர்க்காரி அதைக் கலக்கி, "ஆ" என்றார். அத்தை வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகிறவரை ஊட்டினார். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டார். தலையணையைச் சரிசெய்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து மேசைமுன் உட்கார்ந்தார்.

மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு ஒரு குறி உண்டு. அடித்ததை அடித்தது தப்பு என்று தெரிந்தால், அடிபட்ட வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைப்போம். ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவோம். அடித்தது கிடக்கட்டும், வரி இருக்கட்டும் என்று அச்சுக்காரருக்கு அர்த்தம். அதுவும் லத்தீன்தான், நிற்கட்டும் என்று பொருள். நான் தினமும் இருபது தடவை எழுதுகிற சொல். ஆனால் மகாகனத்தின் சிவப்பு மைக்குக் கீழே ஒரு தடவைகூட எழுதியதில்லை.

வேர்க்காரி காதிலிருந்து பென்சிலை எடுத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். தன்னுடைய குறிப்பின் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் புள்ளி வைத்தார். அவசரமே இல்லை. 'மண் இல்லை' என்பதற்குக் கீழே வைத்த புள்ளிகள் மட்டும் கொஞ்சம் அழுத்தம். ஓரத்தில் ஸ்டெட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு முதல் பக்கத்தை இழுத்து, போல்ட் அளவில் இருந்த தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதற்குக் கீழே புள்ளி வைக்கவில்லை.

"அக்கா."

"குடுத்துடுங்க. என் பேரை எடுத்துக்கட்டும், குறிப்பை விட்டுடட்டும்னு நான் சொன்னதா சொல்லுங்க. அவருக்கு இது கட்டுபடியாகும்."

கட்டுபடியானது. மகாகனம் முதல் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அடித்திருந்த பெயரைப் பார்த்தார். முகத்தில் வருத்தத்தை வரவழைக்க முயன்றார். அது வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. "பிடிவாதக்காரி" என்றார். "சரி, அவங்க இஷ்டம். பொடி எழுத்துத்தானே." பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு அடியில் காலியான இடத்தை அளந்து பார்த்தார். அங்கே தன் பட்டத்தைப் போட முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இருபது வருஷத்தில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். அதையும் அவர் கவனிக்கவில்லை.

விழா நடந்தது. துணியை விலக்கினார்கள். மகாகனம் கல்லைத் தொட்டபடி "போஸ்ட் ஹ்யூமஸ்" என்றார். எச் வந்த வேகத்தில் ஒலிபெருக்கி ஒரு முறை இருமியது. எல்லோரும் கை தட்டினார்கள். மேடையில் அடுக்கியிருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றிலும் அதே சொல்லுக்குக் கீழே 'மண் இல்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. கல்லுக்கும் புத்தகத்துக்கும் நாலடி தூரம். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. வேர்க்காரி விழாவுக்கு வரவில்லை.

மறுநாள் வந்தார். அடுத்த பதிப்புக்கான அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்காலிக்கு ஆணி அடித்தாயிற்று என்று மட்டும் சொன்னார்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"முழு..." என்றது குரல். அதோடு நின்றது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மிச்சத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. "முழு இருக்காளா?"

"இருக்காங்க, இதோ" என்றேன்.

"யாரு போன்ல?" என்று அச்சுக்கோப்பவர் கேட்டார்.

"அக்காவோட அத்தை. முழு இருக்காளான்னு கேக்குறாங்க."

"முழுவா? அது என்ன பேரு, பாதிப் பேரா இருக்கே."

வேர்க்காரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்.

"இருக்கேன், அத்தை" என்றார். "சொல்லுங்க."